கோப்பைக்கு ஒரு வீடு

மிண்டபூலில் கிரானி என்று இரண்டு உண்டு. ஒன்று வீட்டுக்குப் பின்னால் நிற்கும். மற்றொன்று செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நடக்கும்.

நிற்பது ஒரு சிறிய வீடு. இரண்டு அறை, ஓர் அடுப்படி, ஒரு குளியலறை. எப்போதோ யாரோ தன் மாமியாரை அப்படி ஒன்றில் குடிவைத்திருக்க வேண்டும். பாட்டி என்ற பொருளில் பெயர் ஒட்டிக்கொண்டது. நடப்பது ஃபுட்டி எனும் ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதிப் போட்டி. கிராண்ட் ஃபைனல் என்று அதை முழுசாகச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. வாயைத் திறந்தால் ஈ புகும் ஊர். எல்லாச் சொல்லையும் சுருக்கித்தான் பேசுவார்கள்.

"கிரானிக்குக் கூரை போட்டாச்சா?" என்று கேட்டால் ஒன்று. "கிரானிக்குக் காரை எங்க நிறுத்துற?" என்று கேட்டால் மற்றொன்று. இதில் ஓர் ஆளும் குழம்பியதில்லை. கவுன்சில் அந்தப் பிரச்சினையைத் தீர்க்கப் புறப்படும்வரை இப்படித்தான் இருந்தது.

மெர்வ் டக்வெல் முப்பத்தெட்டு வருஷம் தானியக் குதிர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் ஜோலீன், மூன்று வயது இரட்டைப் பெண் குழந்தைகளோடு நான்கு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தாள். அந்த வீட்டை விற்கப் போவதாக மெல்பர்னிலிருந்து அதன் உரிமையாளர் பிப்ரவரியில் எழுதினார். செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். மிண்டபூலில் வாடகைக்கு அப்போது இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்றுக்குக் கூரை இல்லை. இன்னொன்றில் கவுன்சில் தன் பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தது.

மார்ச்சில் மெர்வ் கவுன்சில் அலுவலகத்துக்குப் போனார். கையில் விண்ணப்பம், வரைபடம். வரைபடத்தைப் பக்கத்து ஊரில் ஒரு நல்ல ஆளிடம் போட்டு வாங்கியிருந்தார். தன் பங்குக்கு மூன்று விஷயங்கள் சேர்க்கச் சொன்னார். பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே பெரிய ஜன்னல். அதில் நின்றால் ஊஞ்சல் கட்டிய பெப்பர் மரம் தெரிய வேண்டும். வாசல் படி பாதி உயரம்தான் இருக்க வேண்டும். கதவுக்குப் பக்கத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே, குழந்தைகள் பை மாட்ட இரண்டு கொக்கிகள்.

கவுன்ட்டரில் மோரீன் இருந்தாள். இருபது வருஷமாக அவள்தான் இருந்தாள்.

"என்ன மெர்வ், ரிட்டையராகியும் சும்மா இருக்க முடியலயா?"

"பின்னால ஒரு கிரானி போடணும்."

"யாருக்கு? உன்னைப் பின்னால தள்ளிட்டு ஜோலீன் முன்னால வரப் போறாளா?"

"அவதான் பின்னால வர்றா."

"ஏமாளி. முன்வீட்டைக் கேக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

கட்டட அனுமதி அதிகாரி டாமியன் ஸ்கல்லி உள்ளேயிருந்து வந்தான். இளம் வயது. சட்டைப் பையில் நான்கு பேனா. வரைபடத்தை விரித்தான். நேரம் எடுத்துப் பார்த்தான்.

"ஆறு வாரம் அண்ணே. ரொம்பப் போனா ஏழு."

ஏழு வாரம் ஆயிற்று; அனுமதி வரவில்லை. அதற்குள் மிண்டபூல் பெலிக்கன்ஸ் ஏழு ஆட்டம் ஆடி ஏழிலும் ஜெயித்தது. அந்த ஊரில் பெலிக்கன் பறவையைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ஏரி வற்றி நூறு வருஷம். அணியும் அதுவரை வற்றித்தான் கிடந்தது. கடைசியாக கிரானிக்குப் போனது முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால். அதிலும் தோல்வி. மறுநாள் ஊரே கூடி ஸ்கோர்போர்டை அணையில் தள்ளிவிட்டது. தண்ணீர் குறைந்தால் இன்றும் அதன் மேல்விளிம்பு தெரியும். தோற்ற ஊர் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் தோரணம், கொடி, வண்ணத் துணி எல்லாவற்றையும் கண்ணில் படாமல் அப்புறப்படுத்திவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் அது வழக்கம். சர்ச்சுக்குப் போகாதவர்கள்கூட அதைத் தவறவிடுவதில்லை.

மேயர் பெயர் காலின் ப்ரேஸ்வைட். பெலிக்கன்ஸ் கிளப்புக்கும் அவர்தான் தலைவர். கவுன்சிலர்கள் ஒன்பது பேரில் ஏழு பேர் கிளப் கமிட்டி. எட்டாவது ஆள் அணிக்கு ஜெர்சி துவைப்பவர். ஒன்பதாவது சைவம், அவரை யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஜூலைக் குளிரில் நடந்த கூட்டத்துக்கு மெர்வ் போனார். பொதுமக்களுக்காக முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பொதுமக்களாக அவர் ஒருவர்தான் இருந்தார். அவருடைய வீடு பதினான்காவது பொருள். பதின்மூன்று முடிந்ததும் மேயர் எழுந்து நின்றார். காகிதத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"இதப் பாருங்க. 'கிரானி, நிலுவை.' 'கிரானி, சாக்கடை இணைப்பு இல்லை.' 'கிரானி, கரையான்.' நம்ம பசங்க காலைல அஞ்சு மணிக்கு எழுந்து பனியில ஓடறாங்க. எதுக்காக? கரையானுக்கா? முப்பத்தொரு வருஷமா இந்த ஊர் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கு. அந்தச் சொல்லைக் கொண்டுபோய்க் கோழிக்கூண்டுக்கும் துணி காயப்போடற கம்பிக்கும் நடுவுல நிறுத்தி வெச்சிருக்கோம். எனக்கு வெக்கமா இருக்கு. மேயராவும் வெக்கமா இருக்கு, கிளப் தலைவராவும் வெக்கமா இருக்கு. ரெண்டு வெக்கமும் தனித்தனி."

சைவக் கவுன்சிலர் கை தூக்கினார். "இதுவரை யாராவது குழம்பியிருக்காங்களா, காலின்?"

"குழம்பினதுக்கப்புறம் நடவடிக்கை எடுக்கறதுக்குப் பேரு நிர்வாகம் இல்ல. யாரும் குழம்பறதுக்கு முன்னால எடுக்கணும். அதுக்குப் பேருதான் தலைமை."

ஏழு பேர் கைதட்டினார்கள். தீர்மானம் எட்டுக்கு ஒன்று என்று நிறைவேறியது. 'கிரானி' என்ற சொல் இன்று முதல் வட்டார எல்லைக்குள் இறுதிப் போட்டிக்கு மட்டுமே உரியது. கட்டடங்களைக் குறிக்க அதைப் பயன்படுத்துவது விலக்கிக்கொள்ளப்படுகிறது. மாற்றுப் பெயர் உறுதியாகும்வரை, பெயரற்ற கட்டடங்களுக்கான விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட மாட்டா.

"பதினாலாவது பொருள்?" என்று மெர்வ் கேட்டார்.

"அது என்னன்னு இப்ப யாருக்கும் தெரியாது" என்றார் மேயர். "கூட்டம் முடிஞ்சுது. மீட் பை இருக்கு, சூடா சாப்பிடுங்க."

மறுநாள் காலை கவுன்ட்டரில் மோரீன் விண்ணப்பப் படிவங்களில் அந்தச் சொல்லின்மேல் மஞ்சளும் பழுப்புமாகக் காகிதத்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். கிளப் நிறம். நானூறு படிவம்.

"மோரீன், என் கிரானி விஷயம்..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சொல்லிட்டியே."

"எத?"

இழுப்பறையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினாள். சொல் நழுவல் அறிக்கை. மூன்று பக்கம். சொன்னவர் பெயர், சொன்ன இடம், நாள், நேரம். சாட்சி. இதற்கு முன் நழுவியதுண்டா. நழுவும்போது மனநிலை. மெர்வ் மனநிலை என்ற இடத்தில் 'குளிர்' என்று எழுதினார்.

"சாட்சி?"

"நான்தான். கெட்டியா எழுது, கார்பன் கீழ வரைக்கும் பதியணும்."

டாமியன் வந்தான். அவன் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அவன் எப்போதும் உண்மையாகவே வருத்தப்படுவான்; அது அவன் வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததில்லை.

"உங்க ஃபைல் ரெடி அண்ணே. ஒரு குறை கிடையாது. நான் பார்த்ததுலயே அழகான வரைபடம். ஆனா நீங்க கேக்கறது என்னன்னு மட்டும் எழுத முடியல."

"நான் சொல்றேன், எழுதிக்கோ."

"நீங்க சொன்னா தப்பான சொல். நான் எழுதினா அதிகாரபூர்வமான தப்பான சொல்."

"குட்டி வீடுன்னு போடு."

"குட்டிங்கறது அளவைப் பத்தின தீர்ப்பு. அதுக்குத் தனிக் குழு வேணும்."

"வெறும் வீடுன்னு போடு."

"வீடுன்னா முன்னால இருக்கணும் அண்ணே."

மெர்வ் கவுன்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தெட்டு வருஷம் கோதுமையைக் கோதுமை என்று எழுதி லாரியில் ஏற்றி அனுப்பியவர். அந்த வேலையில் இவ்வளவு ஆபத்து இருந்தது அப்போது தெரியவில்லை.

"செப்டம்பர் கடைசில எம்பொண்ணு வெளிய நிப்பா, டாமியன்."

"அதையும் ஃபைல்ல குறிச்சு வெச்சிருக்கேன்."

ஆகஸ்டில் மாற்றுப் பெயர் கண்டுபிடிக்க மெல்பர்னிலிருந்து டாக்டர் ஃபெலிசிட்டி வேன் வந்தார். மொழித் தெளிவு ஆலோசகர். கிளப் அறையில் நாற்பத்து மூன்று பேரை உட்காரவைத்து, இந்தச் சொல்லால் எப்போதாவது குழம்பியவர்கள் கை தூக்கலாம் என்றார். யாரும் தூக்கவில்லை. அவர் மனம் தளரவில்லை. எல்லோருக்கும் வண்ணப் பென்சில் கொடுத்து, தங்கள் குழப்பத்தை வரையச் சொன்னார். கோதுமை விவசாயிகள் குனிந்து வரைந்தார்கள்.

மெர்வ் தன் வீட்டை வரைந்தார். ஜன்னல், படி, கொக்கி. டாக்டர் வேன் பின்னால் வந்து நின்றார்.

"இதுல உங்க குழப்பம் எங்க இருக்கு?"

"இது வீடுங்க."

"ஓ" என்றார் அவர் பரிவோடு. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மெர்வ் எட்டிப் பார்த்தார். 'மறுப்பு நிலை' என்று இருந்தது.

அறிக்கை நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. குழப்பம் இருப்பதே தெரியாத அளவுக்கு மிண்டபூல் மக்கள் ஆழமாகக் குழம்பியிருக்கிறார்கள் என்பது அதன் முடிவு. பரிந்துரைத்த பெயர்: பின்வளாகத் துணைநிலை வாழ்விடத் தீர்வு.

மோரீன் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். "இதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள உள்ள இருக்கறவ செத்துருவா."

பெயர்மேல் பொதுமக்கள் கருத்துச் சொல்ல இருபத்தெட்டு நாள். வந்த கருத்தை ஆராய இருபத்தெட்டு நாள். பிறகு பெயர்க் குழு. டாமியன் காலண்டரைத் திருப்பி விரலால் எண்ணினான். நவம்பரில் போய் நின்றது.

செப்டம்பர் நடுவில் பெலிக்கன்ஸ் கிரானிக்குத் தகுதி பெற்றது. அன்று மாலை ஊரில் ஓடக்கூடிய எல்லா வண்டியும் ஹார்ன் அடித்துக்கொண்டு சுற்றியது. ஃபுட்டி மைதானத்தைச் சுற்றி மூக்கு உள்ளே பார்க்கக் காரை நிறுத்திக்கொண்டு, கோல் விழும்போது ஹார்ன் அடிப்பது அங்கே பழக்கம். அன்று கோல் எதுவும் விழாமலே அடித்தார்கள். ஜோலீன் வீட்டுச் சமையலறையில் மெர்வ் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மில்டூரால கேரவன் பார்க்ல ஒரு எடம் கெடச்சிருக்கு."

"எப்ப?"

"கிரானி முடிஞ்ச திங்கக்கிழமை. அதுக்கு முன்னால அந்த கேரவன் காலியாகாது. ரெண்டு நாள் உங்க ஹால்ல படுத்துக்கறோம்."

"மில்டூரா மூணு மணி நேரம்."

"தெரியும்."

"ஞாயித்துக்கெழமை சேந்து சாப்பிடறது?"

"அப்பா."

அவர் இன்னொரு தட்டை எடுத்துச் சுற்றினார். அதை ஏற்கெனவே சுற்றியிருந்தார்.

அந்த வாரமே மைதானத்தில், கழிப்பறைகளுக்கு எதிரே, குத்துக்கால்கள் நட்டார்கள். மெர்வ் நாயோடு நடக்கப் போனபோது பார்த்தார். கவுன்சிலின் சாலைப் பணியாளர்கள் பன்னிரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். சாலைகள் காத்திருந்தன. நான்காம் நாள் சுவர் எழும்பியது. ஏழாம் நாள் கூரைத் தகடு. எட்டாம் நாள் மெர்வ் வேலி ஓரம் நின்றுவிட்டார்.

பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே பெரிய ஜன்னல். வாசல் படி பாதி உயரம். கதவு திறந்து கிடந்தது. உள்ளே, முழங்காலுக்குச் சற்று மேலே, இரண்டு கொக்கிகள்.

டாமியன் தலையில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான். அந்த மாதத்தில் மேக்பை பறவைகள் தலையைக் கொத்தும். டப்பாவில் கண் வரைந்திருந்தது.

"இது என்ன டாமியன்?"

"கோப்பை இல்லம் அண்ணே. கோப்பை ஜெயிச்சா வைக்க எடம் வேணும்ல."

"ரெண்டு அறை எதுக்கு?"

"ஒண்ணு கோப்பைக்கு. ஒண்ணு காவல்காரருக்கு."

"குளியலறை?"

"காவல்காரரும் மனுஷந்தானே."

"இது என் வரைபடம்."

"உங்களுதுதான்" என்றான் டாமியன். பெருமையோடு சொன்னான். "கவுன்சில்ல இருக்கறதுலயே நல்ல வரைபடம்னு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு கோடுகூட மாத்தல."

"அனுமதி யாரு கொடுத்தது?"

"அனுமதி மனுஷங்க குடியிருக்கற கட்டடத்துக்குத்தான் வேணும். கோப்பை மனுஷன் இல்லியே."

"காவல்காரர்?"

டாமியன் கொஞ்சம் யோசித்தான். "அவர் தூங்க மாட்டார்."

பதினோராம் நாள், கடைசி வெள்ளிக்கிழமை, கோப்பை இல்லம் திறப்பு விழா. அன்று காலை ஜோலீன் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். சாமான்கள் மெர்வின் காரேஜில். இரட்டையர் ஹாலில் மெத்தைமேல் குதித்துக்கொண்டிருந்தார்கள். மெர்வ் மைதானத்துக்குப் போனார். ஏன் போனோம் என்று அவருக்கே தெரியவில்லை. வாசலுக்கு மேலே பொன் எழுத்தில் எழுதியிருந்தது: வருக, கோப்பையே.

மேயர் மைக்கைப் பிடித்தார்.

"கவுன்சில் மெதுவா நடக்குதுன்னு சொல்றவங்க இருக்காங்க. பதினோரு நாள்! அடித்தளத்துலேருந்து திரைச்சீலை வரைக்கும். மனசு வெச்சா எங்களால முடியும். அதுக்கு மனசு வைக்கற மாதிரி ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான். இந்தப் படியப் பாருங்க. ஏன் இவ்வளவு தாழ்வு? பணிவு! இந்தக் கொக்கிகளைப் பாருங்க. எதுக்குன்னு எனக்கே புரியல. அப்புறம் யோசிச்சேன். வெற்றி வரும்போது குனியத் தெரியணும். அதான். இந்த ஜன்னல்லேருந்து பாத்தா..."

அவர் திரும்பிப் பார்த்தார். ஆண்கள் கழிப்பறை தெரிந்தது.

"எதிர்காலம் தெரியுது" என்றார்.

சாசேஜ் கொடுத்தார்கள். மெர்வ் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். நாய் சாப்பிட்டது.

சனிக்கிழமை கிரானி. எதிரணி நெட்டில் க்ரீக். முதல் கால் மணி நேரத்தில் பெலிக்கன்ஸ் ஒரு கோல் போட்டது. மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களில் பாதி ஹார்ன் அடித்தன. பிறகு மறுபாதி அடிக்க ஆரம்பித்தது. அது நிற்கவே இல்லை. நெட்டில் க்ரீக்குக்கு இருபத்திரண்டு முறை ஹார்ன். மிண்டபூலுக்கு ஐந்து. கோலுக்கு ஆறு புள்ளி, சற்றே தவறினால் ஒன்று; மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு புள்ளி வித்தியாசம். கணக்கில் புலியான ஒருவர், இது டாக்டர் வேன் அறிக்கையின் பக்க எண்ணிக்கை என்று கண்டுபிடித்தார். அதை யாரும் ரசிக்கவில்லை. கோப்பை நெட்டில் க்ரீக்காரன் ஒருவனுடைய யூட் வண்டியின் திறந்த பின்தட்டில், ஆடு மேய்க்கும் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் தோரணத்தை இறக்கியது. ஏணி சாய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. பத்து மணிக்குள் மஞ்சளும் பழுப்பும் எங்கேயும் இல்லை. ஒன்று மட்டும் மைதானத்தில் நின்றது.

மெர்வ் போனபோது மேயர் அந்தப் பாதி உயரப் படியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் முகவாயைத் தொட்டது. கிளப் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார்.

"சிரிக்க வந்தியா மெர்வ்?"

"இல்ல."

"சிரி. முழு ஊரும் சிரிக்கும். நாளைக்குக் காலைல மாவட்டப் பத்திரிகைக்காரன் வர்றான், படம் எடுக்க. போன் பண்ணினான். குரல்லயே தெரியுது, இளிக்கறான்."

"இடிச்சிடு."

"இடிச்சா இடிக்கறதையும் எடுப்பான்."

"அணையில தள்ளு."

"போகாதுய்யா. அளந்து பாத்துட்டேன்."

மெர்வ் ஜன்னலைப் பார்த்தார்.

"நான் எடுத்துட்டுப் போறேன்."

"எங்க?"

"என் வீட்டுக்குப் பின்னால."

மேயர் தலை நிமிர்ந்தார். "ரோட்டுலேருந்து தெரியுமா?"

"பின்னால இருக்கறது ரோட்டுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்து வீட்டுக்காரன்?"

"அவன் நெட்டில் க்ரீக்லதான் பொண்ணெடுத்திருக்கான். ஊர்ல இல்ல. விருந்துக்குப் போயிருக்கான்."

மேயர் முனகினார். "எப்ப எடுப்ப?"

"லாரி வெளிய நிக்குது. எழுதிக் கொடு."

மேயர் பைக்குள் தேடினார். ஆட்ட நிகழ்ச்சித் தாள்தான் இருந்தது. அதன் பின்பக்கம், முழங்கால்மேல் வைத்து எழுதினார்: இந்த அவமானத்தை உடனடியாக அகற்றித் தன் பின்வளாகத்தில் மறைத்து வைக்க மெர்வின் டக்வெலுக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது. இரண்டு கையெழுத்துப் போட்டார். ஒன்று மேயராக. ஒன்று கிளப் தலைவராக.

டாமியன் டப்பாவைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "காலின், இதுக்குச் சாலைப் போக்குவரத்து அனுமதி, அடித்தள ஆய்வு, பதினாலு நாள் முன்னறிவிப்பு..."

"டாமியன்" என்றார் மேயர். "ஒரு பக்கம் பிடி."

அந்த வட்டாரத்தில் வீடுகள் லாரியில் ஊர் மாறுவது புதிதல்ல. மெர்வோடு குதிர்களில் வேலை பார்த்த நாலு பேர் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். சாலைப் பணியாளர்கள் பன்னிரண்டு பேரும் கேட்காமலே வந்து உதவினார்கள். கோப்பை இல்லம் மெயின் ரோட்டில் மெதுவாகப் போனது. வாசலில் நின்ற ஊர்க்காரர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சவ ஊர்வலம் போனால்கூட அங்கே இவ்வளவு மரியாதை கிடைக்காது.

பொழுது சாய்வதற்குள் அது பெப்பர் மரத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. ஜோலீன் உள்ளே போய்க் கழுவுமிடத்தில் நின்றாள். குழாயைத் திறந்தாள், இன்னும் இணைப்பு இல்லை. மூடினாள். ஜன்னல் வழியாக ஊஞ்சல் தெரிந்தது.

"மில்டூராவுக்கு போன் பண்ணணும்" என்றாள்.

"பண்ணு."

"மேல எழுதியிருக்கறத அழிச்சிடலாமா?"

மெர்வ் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். இரட்டையரில் ஒருத்தி யார் தயவும் இல்லாமல் படியேறி, தன் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, இறங்கி வந்து, சரியாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"இருக்கட்டும்" என்றார்.

நவம்பர் வெயிலோடு ஈக்கள் திரும்பின. டாமியனும் வந்தான். கையில் இரண்டு காகிதம்.

முதலாவது, மார்ச்சில் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதில். நிராகரிப்பு. இணைக்கப்பட்ட வரைபடம் மனிதர் வசிக்க உகந்ததாக இல்லை.

"கோப்பைக்கு ஒத்துச்சே?" என்றார் மெர்வ்.

"கோப்பை புகார் சொல்லல."

இரண்டாவது, இன்னும் நிரப்பாத அபராத நோட்டீஸ். அனுமதியில்லாக் கட்டடம். டாமியன் கார்பனைச் சரிசெய்து பேனாவைத் திறந்தான். சொந்தக்காரர் பெயர் எழுதினான். முகவரி எழுதினான். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. கட்டடத்தின் வகை.

ஜோலீன் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "என்ன யோசனை?"

"என்னன்னு எழுதறதுன்னு தெரியல."

"புதுப் பேரு வந்துருக்குமே?"

"பெயர்க் குழு ரெண்டா ஒடஞ்சிடுச்சு. தீர்வுன்னு முடியணும்னு பாதிப் பேரு, தீர்வகம்னு முடியணும்னு பாதிப் பேரு."

"அப்ப பழைய பேரு?"

டாமியன் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான். "அது மொத்தமாவே நிறுத்தியாச்சு. அக்டோபர் கூட்டத்துல தீர்மானம். துக்கம் காரணமா எதுக்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. ஆட்டத்துக்கும் கூடாது."

"அப்ப இது என்ன?"

டாமியன் அண்ணாந்து பொன் எழுத்தைப் பார்த்தான். படியைப் பார்த்தான். கொக்கிகளில் தொங்கிய இரண்டு பைகளைப் பார்த்தான். பெயர் இல்லாத ஒன்றுக்கு அபராதம் எழுத வழியில்லை. பேனாவை மூடிப் பையில் மற்ற மூன்றோடு சேர்த்து வைத்தான். தேநீரை மெல்லக் குடித்து முடித்தான்.

"அண்ணே" என்றான். "அந்த வரைபடம் இன்னொரு காப்பி இருக்குமா? எங்க அக்கா வாடகைக்கு இருக்கற வீட்ட விக்கறாங்களாம். ஜனவரிக்குள்ள காலி பண்ணணும். நான் முறையா விண்ணப்பம் போடலாம்னு..."

மெர்வ் அவனை முழுசாக ஒருமுறை பார்த்தார்.

"விண்ணப்பம் போடாத. அடுத்த கிரானில தோக்கற வரைக்கும் காத்திரு."

டாமியனின் கை தானாகப் பைக்குள் போனது. மூன்று பக்கப் படிவம் வெளியே வந்தது. சொல் நழுவல் அறிக்கை. வருத்தத்தோடுதான் நீட்டினான்.

மெர்வ் அதை வாங்காமல் எழுந்து தன் யூட் வண்டிக்குப் போனார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹார்னை அழுத்தினார். ஒரு கோலுக்கு எவ்வளவு நேரம் அழுத்துவார்களோ, அவ்வளவு நேரம்.